சம்பந்தி கொண்டுவந்த கார்டு

சம்பந்தி தோலோகோன் துண்டைப் பிரித்து, கம்ப்யூட்டரில் மாட்டும் கிராபிக்ஸ் கார்டை எடுத்து ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். நான் முதலில் தூக்கித்தான் பார்த்தேன். பிஷ்கெக் கண்டெய்னர் சந்தையில் மூட்டை தூக்குகிறவனுக்கு வேறெப்படிப் பார்க்கத் தெரியும்? கனமாகத்தான் இருந்தது. ஆனால் பழைய பொருள் என்கிறார், விசிறி இறக்கையில் ஒரு தூசி இல்லை. யாரோ ஒரு பையன் வீட்டில் கேம் விளையாடியதாம். அப்படிப்பட்ட பொருளை யார் இவ்வளவு அக்கறையாகக் கழுவித் துடைப்பார்கள்? இவருடைய தங்கை மகன், இந்த மாதிரிக் கார்டுகளை வரிசையாக ஓட்டிக் காசு பார்க்கும் பிட்காயின் கொட்டகை நடத்தி இழுத்து மூடியது ஊருக்கே தெரியும். அங்கே ராப்பகலாக வெந்த கார்டுகள் எங்கே போயின என்பதுதான் தெரியாது.

என் மகள் அய்ஜிரெக், கிர்கீஸ் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் நிரல் ஒன்றுக்குப் பயிற்சி கொடுக்கிறாள்; அதற்கு இப்படி ஒரு கார்டு வேண்டும். வசந்தம் முடிவதற்குள் அதை ஓட்டிக் காட்டினால் வேலை தருவதாக ஒரு கம்பெனி சொல்லியிருக்கிறது. எங்கோ இருக்கும் மிஷினை இணையம் வழியே, கிளவுடில் வாடகைக்கு எடுக்கலாம் என்றுதான் அவள் கேட்டாள். நான்தான் விடவில்லை. கண்ணில் படாத மிஷினுக்கு, கேட்ட கணக்கை நம்பிப் பணம் கட்டுவதா? நாளைக்குக் கையில் என்ன மிஞ்சும்? பசுவை விற்ற காசு. கார்டு, வாடகை இரண்டில் ஒன்றுக்குத்தான் வரும். அது போனால் இன்னொரு பசு கிடையாது.

"மாட்டி, முழு வேகத்துல கொஞ்ச நேரம் ஓட விட்டுப் பாத்துரலாம் மாமா," என்றாள் அய்ஜிரெக்.

"எதுக்கும்மா? உங்க அண்ணனுக்குப் பொண்ணு குடுக்கறப்ப நான் என்ன அவன் வாயத் தெறந்து பல்லயா எண்ணிப் பாத்தேன்?"

"அண்ணன் சூடானா கத்துவான், அவ்வளவுதான். இது செத்துப்போயிரும்."

சம்பந்தி சிரித்தார். பிறகு ரொட்டியைக் கையில் எடுத்தார். "இது கொட்டகைச் சரக்கில்ல. பொய் சொன்னா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்."

இனி ஒன்றும் பேச முடியாது. ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்தவரிடம், அதுவும் சம்பந்தியிடம், சோதித்துப் பார்க்கிறேன் என்பது முகத்தில் துப்புவது மாதிரி. அவர் மகள் ஜில்டிஸ், எங்கள் மருமகள், அடுப்படியில் இருந்தாள். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

கொட்டகை என்று நாங்கள் யாரும் சொல்லவே இல்லையே.

"அப்பா," என்றாள் அய்ஜிரெக். என் கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.

"என்ன சம்பந்தி, பைக்குள்ள கோழியா அடைகாக்குது?"

மகனின் குடித்தனத்தை நினைத்துக்கொண்டேன். மகள் பக்கம் பார்க்காமல் பணத்தை வெளியே எடுத்தேன்.

அப்போது ஜில்டிஸ் தேநீர்க் கெண்டியோடு வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. தகப்பன் எதிரே முழங்காலிட்டு ஊற்ற ஆரம்பித்தாள். விருந்தாளிக்கு நாங்கள் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவோம். பாதி குடித்ததும் மறுபடி பாதி. நிரப்பி வைத்தால், எழுந்து போகலாம் என்று பொருள். கிண்ணம் பாதி நிறைந்தது. அவள் கெண்டியை நிமிர்த்தவில்லை.

"போதும்மா," என்றார் தோலோகோன்.

தேநீர் விளிம்பைத் தொட்டு நின்றது. வெளியே ஒரு லாரி போயிற்று. கிண்ணத்தில் தேநீர் நடுங்கியது, சிந்தாமல்.