தெருவுக்கெல்லாம் ஒரே மூச்சு

திருவள்ளூர் மாவட்டத்திலேயே நன்றாக மூச்சு விடுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள்? கும்மிடிப்பூண்டியில், இரும்பு உருக்கும் கம்பெனிகளின் முதுகுக்குப் பின்னால், காலையில் காயப்போட்ட வெள்ளைத்துணி சாயங்காலத்துக்குள் சாம்பல் பூத்துவிடும் ஒரு குறுக்குத் தெருவில். ஷைனியின் ஆராய்ச்சி அப்படித்தான் சொன்னது.

ஷைனிக்கே அது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் சந்தோஷம் தருகிற விஷயம் உறுத்தினால், புதுச் செருப்பு மாதிரி, போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிற பழக்கம் அவளுக்கு உண்டு.

அவளுடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு மூன்று கால்கள். நுரையீரல் மருத்துவம் ஒன்று, காற்று மாசு ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று. தெருமுனைக் கம்பத்தில் காற்றை அளக்கும் பெட்டி தொங்கியது. தெருப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் உள்ளங்கையில் அடங்கும் ஓர் ஊதுகருவி. தினமும் காலையில் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரே தம்மில் அதில் ஊத வேண்டும். அது அவரவர் செல்போனுக்குச் சொல்லும். செல்போன் ஷைனியின் லேப்டாப்புக்குச் சொல்லும். தெருவில் அதற்கு முதல் நாளே 'பீப்பி' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பெட்டி சொன்ன சேதி மோசம். பீப்பி சொன்ன சேதி பிரமாதம். ஐம்பதைத் தாண்டிய கன்னியம்மாகூட ஓட்டப்பந்தயக்காரி மாதிரி ஊதித் தள்ளியிருந்தாள்.

"தகவமைப்பு!" என்றார் வழிகாட்டி டாக்டர் சந்திரமோகன். நுரையீரல் நிபுணர். நாற்பது வருஷமாகக் கெட்டுப்போன நுரையீரல்களையே பார்த்துச் சலித்தவர். நல்ல நுரையீரலைக் கண்டதும் குழந்தையாகிவிட்டார். "மோசமான காற்று இவங்க நெஞ்சை ஜிம்முக்கு அனுப்பி வச்சிருக்கு ஷைனி. உலகத்துல யாரும் சொல்லாத விஷயம். ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பிடணும்."

ஷைனியின் அப்பா ஜோசப் அதே இரும்புக் கம்பெனிகளில் ஒன்றில் வேலை பார்த்து ஓய்ந்தவர். விடியற்காலையில் அவர் இருமுவதுதான் அவள் பள்ளிக்கூட நாட்களின் அலாரம். அந்த இருமல் எந்த ஜிம்முக்கும் போன இருமல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும், அழகான வரைபடம் ஒன்று கையில் இருக்கும்போது அப்பாவின் இருமல் வெறும் அப்பாவின் இருமலாகிவிடுகிறது. 'அறிவியலுக்கு முன்னால் சொந்தக் கதை எடுபடாது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் சந்திரமோகன் சார் மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டவன் குணாளன். திருநின்றவூரிலிருந்து ரயிலில் வந்து போகிற கம்ப்யூட்டர் பிரிவு ஆராய்ச்சி மாணவன். ஊதுகிற விதத்தை வைத்தே ஆளை அடையாளம் கண்டுபிடிக்கும் ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். கைரேகை மாதிரி மூச்சுக்கும் ஒரு ரேகை உண்டு என்பது அவன் கட்சி. சனிக்கிழமை மதியம் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"ஷைனி, உன் தெருவுல எத்தனை பொம்பளைங்க?"

"இருபதுக்கு மேல. ஏன்?"

"என் புரோகிராம் ஒண்ணுதான்னு சொல்லுது."

"புரோகிராமைத் திருத்து."

"மூணு தடவை திருத்திட்டேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் உறுதியா ஒண்ணுதான்னு சொல்லுது." திரையைத் திருப்பிக் காட்டினான். "இங்க பாரு. ஊதி முடிச்சப்புறம் கடைசியில ஒரு குட்டி வால் இருக்கா? கன்னியம்மாவுக்கும் இருக்கு, வினோதாவுக்கும் இருக்கு, எல்லாருக்கும் இருக்கு. தெருவுக்கெல்லாம் ஒரே வால்."

ஷைனி அந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வந்தது கோபம்கூட இல்லை. இதைக் குணாளனைத் தவிர யாரும் கண்டுபிடிக்க முடியாது என்ற நினைப்பு. குணாளனை ஒரு பிரியாணியில் சரிக்கட்டிவிடலாம். அந்த நினைப்பு எவ்வளவு சாதாரணமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல், தன் உள்ளே வந்து உட்கார்ந்தது என்பதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம் வந்தது.

ஞாயிறு காலை, சொல்லாமல் கொள்ளாமல் தெருவுக்குப் போனாள். ரயிலில் வரும்போது குணாளன் ஒரு படம் அனுப்பியிருந்தான். எல்லாப் பெண்களின் ஊதலையும் ஒரே ஆளுடையதாக எடுத்துக்கொண்டு, தை மாதத்திலிருந்து இந்த ஐப்பசி வரை வரிசையாகப் போட்ட படம். பொன்னேரி தாண்டுகிற வரை அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தெருக்குழாயில் தண்ணீர் வந்தால் எப்படி வரிசை நிற்குமோ அப்படி ஒரு வரிசை நின்றது. குடத்துக்குப் பதில் ஆளுக்கொரு பீப்பி, ஆளுக்கொரு செல்போன். வரிசையின் தலைப்பில், பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள் சம்பூர்ணம். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கம்பெனியில் ஒப்பந்த வேலை. நல்ல அகலமான உடம்பு, அதைவிட அகலமான குரல். ஒரு பீப்பியை வாங்கினாள், முந்தானையால் வாயைத் துடைத்தாள், இழுத்தாள், ஊதினாள். முடித்துவிட்டு 'புஸ்' என்று இன்னொரு சின்ன ஊதல்.

குணாளனின் வால்!

"இன்னாடி வினோதா, எனக்கு மட்டும் கொறச்சலா கீது?" என்று வரிசையில் இருந்து கன்னியம்மா கேட்டாள். கோவிலுக்குக் கிளம்பிய வெள்ளைப் புடவையில் நின்றாள்.

"யக்கா, சம்பூர்ணக்கா உனக்கு ஊதறப்ப இருமிடுச்சு. ரெண்டாந்தரம் ஊதச் சொல்லு."

"போங்கடி! ஆளுக்கு ஒரு வாட்டிதான். நான் இன்னும் நாஷ்டாவே துன்னல" என்ற சம்பூர்ணம் நிமிர்ந்து ஷைனியைப் பார்த்தாள். கொஞ்சம்கூட அசரவில்லை. "வா பாப்பா. உன் வேலையாத்தான் கீறோம்."

"அக்கா, இன்னா பண்றீங்க?"

"பாத்தா தெரீல? ஊதிக்கினு கீறேன்."

"அவங்கவங்க பீப்பிய அவங்கவங்கதானே ஊதணும்?"

"அவங்கவங்க ஊதினா மார்க்கு வருமா?" என்றாள் சம்பூர்ணம். "நான் கழுத்து மட்டும் தண்ணில நின்னு எறா புடிச்சவ. முங்கினேன்னா மேல வர்றதுக்குள்ள எங்க நைனா வெத்தலை போட்டு முடிச்சிடுவாரு. இவுளுங்க மூச்சு எதுக்கு ஆவும்? தோசைக்கல்லு சூட்ட ஆத்தக்கூட ஆவாது."

"கடைசியில ஒரு 'புஸ்' ஊதறீங்களே, அது எதுக்கு?"

"அது கொசுறு."

தெரு சிரித்தது. ஷைனிக்கும் சிரிப்பு முட்டியது, அடக்கினாள். "ஏன்கா இப்படிப் பண்ணீங்க? என் படிப்பே இதுல இருக்கு."

"உன் படிப்பு உனக்கு, எங்க பொயப்பு எங்களுக்கு" என்றாள் வினோதா. கூட்டத்திலேயே இளையவள், வாயும் நீளம். "போன வருசம் கம்பெனி மெடிக்கல்ல எங்க ஓர்ப்படிய ஊதச் சொன்னானுங்க. கம்மியா வந்துச்சு. அன்ஃபிட்டுன்னு அட்டைய புடுங்கிக்கினு கேட்டுக்கு வெளிய உட்டான். அதுக்கப்பறம் மெடிக்கல் வேன் வந்தா எங்க எல்லாருக்கும் சம்பூர்ணக்காதான் ஊதுது."

"அங்கயும் நீங்களா? ஆளைப் பாக்க மாட்டாங்களா?"

"ஹெல்மெட்டு, கண்ணாடி, கோட்டு" என்று சம்பூர்ணம் விரல் மடக்கினாள். "உள்ள எவ கீறான்னு அவனுக்கு இன்னா தெரியும்? பேரு அட்டைய மாத்தி மாத்திக் குத்திக்கினு வருவேன். ஒரு டாக்டரு, 'இந்தக் கம்பெனி லேடிஸ் எல்லாம் சூப்பரு'ன்னு கை குடுத்தான்."

"நான் கம்பெனி இல்லியேக்கா!"

"அதே பீப்பிதான பாப்பா உங்கிட்டயும் கீது."

ஷைனிக்கு முதல் நாள் நினைவு வந்தது. 'முழு பலத்தோட ஊதுங்கக்கா' என்று தான் சொன்னது, சம்பூர்ணம் ஊதியதும் 'சூப்பர்க்கா!' என்று கை தட்டியது, கன்னியம்மா ஊதியபோது ஒன்றும் சொல்லாமல் அடுத்தவளைக் கூப்பிட்டது. மார்க் போடுகிற டீச்சரின் முகம் அன்று தன்னிடம் இருந்திருக்கிறது. அந்த முகத்துக்கு எது பிடிக்கும் என்று தெரு படித்துவிட்டது.

"இந்த நம்பரு எந்தக் கம்பெனிக்கும் போகாது" என்றாள். "பேரே இருக்காது. நீங்க நல்லா ஊதறதா காட்டினா, இங்க காத்து நல்லாத்தான் இருக்குன்னு ஆயிடும். நாளைக்கு யாரு கேட்டாலும் அதைத்தான் எடுத்துக் காட்டுவாங்க."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வினோதாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"அப்ப கம்மியா ஊதணுமா? அத மொதல்லயே சொல்றதுக்கின்னா? எவ்ளோ வேணும்னு சொல்லு, போட்டுத் தர்றோம்."

"ஐயோ, கம்மியாவும் வேணாம்!"

"ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம். இன்னா பேஜாரு புடிச்ச படிப்புமா இது!" என்றாள் கன்னியம்மா.

வேணாம் என்று வாய் சொன்னது. உள்ளே ஒருத்தி 'கம்மியாகவே ஊதுங்களேன்' என்று கெஞ்சிக்கொண்டிருந்ததை ஷைனி கேட்டாள். அவள்தான், அப்பா இருமும்போது போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்ட பெண். அந்த இருமலுக்கு ஒரு அத்தாட்சி கிடைக்காதா என்று இத்தனை வருஷம் காத்திருந்தவள். சந்திரமோகன் சாருக்குப் பெரிய மூச்சு வேண்டும், இவளுக்குச் சின்ன மூச்சு வேண்டும். ஆளாளுக்கு ஒரு அளவு சொல்லி ஆர்டர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தெருவும் கடை திறந்து உட்கார்ந்திருக்கிறது.

வேறு வழி தோன்றாமல் போனை எடுத்து, குணாளனின் படத்தைச் சம்பூர்ணத்திடம் நீட்டினாள்.

"இது யாருது?"

"நீங்க ஊதினது எல்லாம். தை மாசத்துலேருந்து."

சம்பூர்ணம் போனை வாங்கி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள். "பாத்தீங்களாடி? எவ்ளோ பெருசா கீறேன் பாரு! இதுல என் பேரு போட்டியா பாப்பா?"

"பேரு போடக் கூடாதுக்கா. அது ரூலு."

"ஊருக்கெல்லாம் ஊதினவ நானு, பேரு கெடயாதா?" என்று முறைத்தாள். பிறகு திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "ஆமா, ஏன் இது இந்தப் பக்கம் எறங்கிக்கினே போவுது?"

அதைத்தான் ஷைனி ரயிலில் பார்த்தாள். மற்ற ஊர்க்காரர்களைவிட மேலே இருக்கிறது என்ற குஷியில், எந்தப் பக்கம் போகிறது என்று சாரும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை.

"நீங்கதான்கா எறங்கிக்கினு வர்றீங்க" என்றாள் மெதுவாக. "தையில இருந்த மூச்சு இப்ப இல்ல."

சம்பூர்ணம் பக்கத்தில் இருந்த பீப்பியை எடுத்து ஊதினாள், கொசுறோடு. நம்பரைப் பார்த்தாள். எழுந்து நின்று, இடுப்பில் புடவையை இறுக்கிச் செருகிக்கொண்டு, இன்னொரு தடவை ஊதினாள். அதே நம்பர்தான். முந்தானையால் பீப்பியைத் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எல்லாருக்கும் ஊதினதால தேஞ்சிருக்கும்கா" என்றாள் வினோதா, ஆறுதலாக.

"மூச்சு இன்னா சோப்பாடி, தேயறதுக்கு?" சம்பூர்ணத்தின் குரல் பழைய அகலத்துக்குத் திரும்பியது. "எனக்கே எறங்கிக்கினு போவுதுன்னா, நீங்கள்லாம் எங்கடி கீறீங்க? ஊதுங்கடி அவங்கவங்க! இனிமே ஒருத்தியும் எங்கிட்ட பீப்பி எடுத்துக்கினு வரக்கூடாது. கன்னியம்மா, நீ மொதல்ல. கோவிலுக்குப் போறப்ப பொய் சொல்லாத."

கன்னியம்மா ஊதினாள். பாதியில் இருமல் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வினோதா ஊதினாள், வாயின் நீளத்தில் பாதிகூட இல்லை அவள் மூச்சு. முதலில் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள். பிறகு நம்பர் வந்ததும் போனை மற்றவர்களுக்குக் காட்டாமல் தாங்களே உற்றுப் பார்த்தார்கள்.

அப்போது ஷைனியின் போனில் சந்திரமோகன் கூப்பிட்டார். "ஷைனி, சுருக்கத்தை அனுப்பிடட்டுமா?"

ஓரமாக நகர்ந்து நின்றாள். ஒரு வருஷ உழைப்பு நாக்கு நுனியில் நின்றது. "வேணாம் சார். நம்ம ஆய்வுல கலந்துக்கிட்டது ஒரே ஒருத்தர்தான்." விஷயத்தைச் சொன்னாள். நாற்பது வருஷ டாக்டர் கத்துவார் என்று போனைக் காதிலிருந்து தள்ளியே பிடித்திருந்தாள்.

அவர் கத்தவில்லை. "அந்த ஒருத்தர் எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"குறைஞ்சுக்கிட்டே வருது சார்."

"நாளைக்கு ஓ.பி.க்குக் கூட்டிட்டு வா. நானே பாக்கறேன். மத்ததை அப்புறம் முதல்லேருந்து ஆரம்பிச்சுக்கலாம்." வைப்பதற்கு முன் ஒரு பெருமூச்சு. "ஜிம்முன்னு வேற சொன்னேன்."

திரும்பி வந்தபோது தெருவே அவளுக்காகக் காத்திருந்தது. சம்பூர்ணம் துடைத்த பீப்பியை நீட்டினாள்.

"இப்ப நீ ஊது."

"நான் ஆராய்ச்சி பண்றவக்கா. நான் ஊதக் கூடாது."

"ஏன், நீ மூச்சு வுடறது இல்லியா? நீயும் இந்தப் பொகையிலதான வளந்த?"

இத்தனை மாதமாக லேப்டாப்பின் இந்தப் பக்கமே உட்கார்ந்து, அந்தக் கருவியில் ஒரு தடவைகூடத் தான் வாய் வைக்காததற்கு ரூல் மட்டும்தான் காரணமா? ஷைனி பீப்பியை வாங்கினாள். அப்பாவின் நெஞ்சுதான் தன்னுடையதும். சம்பூர்ணத்தைப் பார்த்தாள். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"அக்கா... எனக்கும் நீங்களே ஊதிடுங்களேன்."

தெரு வெடித்துச் சிரித்தது. கன்னியம்மா சிரிப்பும் இருமலுமாய் வினோதாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். சம்பூர்ணம் மட்டும் சிரிக்காமல், ஸ்டூலை ஷைனி பக்கம் தள்ளிப் போட்டாள்.

"உக்காரு. கொசுறு வேணா நான் போடறேன். மிச்சத்த நீதான் ஊதணும்."