இடப்பக்கம்

ஆலயப் பணியாளர் நான்காவது திருகாணியையும் கழற்றிப் பளிங்குப் பலகையை இறக்கிவைத்தார். சுவர் மாடத்துக்குள், எட்டு வருடங்களுக்கு முன் வைத்த அப்பாவின் சாம்பல் பெட்டி அப்படியே இருந்தது. பக்கத்தில் அம்மாவின் பெட்டியை வைக்கப் பார்த்தார். நுழையவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தார். அப்போதும் நுழையவில்லை.

“இது ஒருத்தருக்கான மாடம்ங்க.”

“இருக்காது. ரெண்டு பேருக்குன்னுதான் தம்பி எழுதிக் கொடுத்தான்,” என்றாள் அக்கா. “சொல்லேன்டா.”

அவன் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தான்.

அச்சகத்தில் அடுத்தவர் பிழைகளைத் திருத்துகிறவன் அவன். படிவம் என்றால் வீட்டில் அவனிடம்தான் வரும். அப்பாவுக்கு மாடம் எடுத்த அன்றும் அப்படித்தான். ‘ஒருவருக்கா, இருவருக்கா’ என்ற கேள்வி கடைசி வரியில் இருந்தது. அம்மா வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருந்தாள். நீயும் இங்கேதானா என்று போய்க் கேட்க நா எழவில்லை. ‘ஒருவர்’ என்பதில் குறியிட்டான். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

திரும்பும் வழியில் அம்மாவே கேட்டாள். “எனக்கும் சேர்த்துத்தானேடா?”

“ஆமாம்மா.”

அதன்பிறகு ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அந்தப் பலகையின் இடப்பக்கத்தைப் புடவைத் தலைப்பால் துடைப்பாள். “இது என் பக்கம். அங்கேயும் குறட்டை விட்டார்னா ஒரு இடி இடிக்கத் தோதா இருக்கும்.” ஒவ்வொரு முறையும் அவன் சிரித்தான். ஆலய அலுவலகம் பத்தடி தூரத்தில்தான் இருந்தது.

போதகர் பழைய படிவத்தை எடுத்துவந்தார். அக்கா வாங்கிப் படித்தாள். அடியிலிருந்த கையெழுத்தைப் பார்த்தாள். மடித்து அவனிடம் நீட்டினாள்.

“ரெண்டு பேர் மாடமெல்லாம் போன வருஷம்தான் நிறைஞ்சுது. முத்திரை வச்ச பெட்டியைத் திறந்து ஒண்ணா சேர்க்கவும் இங்க வழக்கமில்ல.” போதகர் தயங்கினார். “பின்சுவர்ல ஒருத்தருக்கு இடம் இருக்கு.”

பின்சுவரில், கடைசி வரிசை. பணியாளர் பெட்டியை மாடத்தின் நடுவில் வைத்துவிட்டுப் பலகையைத் தூக்கினார்.

“ஒரு நிமிஷம்ணே.”

அவன் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டான். பெட்டியை இடச்சுவரோடு ஒட்டி நகர்த்தினான். வலப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் கிடைத்தது.