சரிந்த கிணறு

ஒரு பழைய கல் கிணற்றைத் தூர்வாரி முன்போலக் கட்ட முகாம் போடுகிறார்கள், தொண்டர்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாய்ப் போய் நின்றவன் இவன்தான். கிணற்றின் மேல் பாசம் ஒன்றும் இல்லை. மற்றவர்களெல்லாம் பாட்டும் கும்மாளமுமாக, இடிந்த கல்லோடு படம் பிடித்துக்கொள்ள வந்தவர்கள். இவன் தன் அக்காவின் எலும்பைத் தேடி வந்தான்.

அக்காவை அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. பேய்மழை பெய்த ஒரு ராத்திரி அவளைக் காணோம். அதே ராத்திரிதான் கிணற்றின் ஒரு பக்கச் சுவர் சரிந்து உள்ளே விழுந்தது. எவன் கூடவோ ஓடிவிட்டாள் என்று ஊர் வாய் கூசாமல் சொன்னது. “எம் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல, அவ புருஷன் படுபாவிதான் கொன்னு உள்ள தள்ளிட்டான்” என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். போலீஸ் மேலாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அத்தனை கல்லை யார் அள்ளுவது? இப்போது அம்மா படுத்த படுக்கை. மகள் ஓடிப்போகவில்லை என்று மட்டும் தெரிந்துவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடுவாளாம்.

சரிந்த கல்லை ஒவ்வொன்றாகக் கயிற்றில் ஏற்றி, மேலே சாக்பீஸால் எண் போட்டு அடுக்க வேண்டும். திரும்பக் கட்டும்போது அந்தந்தக் கல் அந்தந்த இடத்துக்குப் போக வேண்டுமே! அடியில் நிற்பது ஆபத்து, ஆள் மாற்றி ஆள்தான் இறங்கணும் என்பது முகாம் சட்டம். இவன் அடுத்தவன் முறையையும் பிடுங்கிக்கொண்டு இறங்கினான். ‘உடும்பு’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

மேலே கயிறு பிடித்தது யார் என்கிறீர்கள்? சாட்சாத் அக்கா புருஷன்! மறுகல்யாணம் பண்ணிக்கொள்ளாமல், ஊரில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசாமல், தாடி மண்டிய முகத்தோடு தினமும் வந்து நின்றான். முதல் நாளே இவனை அடையாளம் கண்டுகொண்டு, “வா மச்சான்” என்றான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! இவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான். கொன்றவன் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு இறங்குகிறோமே என்று ஒவ்வொரு தடவையும் முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தான்.

கடைசிக் கல்லும் ஏறியது. சேற்றை விரலால் துழாவித் துழாவிப் பார்த்தான். பாறை தட்டியது. எலும்பு இல்லை, ஒரு துண்டு துணிகூட இல்லை. பாறை இடுக்கில் தண்ணீர் கசிய, மேலே கூட்டம் கைதட்டி ஆரவாரம் செய்தது. இவன் சேற்றில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். அக்கா உயிரோடு இருக்கிறாள் என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? சந்தோஷம் வரவில்லையே! பாவி, அம்மாவுக்கு ஒரு போன் பண்ணக்கூடவா தோன்றவில்லை?

மேலே வந்ததும் அக்கா புருஷன் ஓரமாக இழுத்துப்போய்க் கேட்டான். “நல்லாப் பாத்தியா மச்சான்? மூலையெல்லாம்?”

“ஒண்ணுமே இல்ல மாமா.”

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “அன்னிக்குக் கோவத்துல கை நீட்டிட்டேன். அதுக்குப் போய் கெணத்துல விழுந்துட்டாளேன்னுதான் இத்தனை நாளும் வெந்துக்கிட்டிருந்தேன். என்னை வேணாம்னு விட்டுட்டுப் போயிருப்பான்னு தோணவே இல்லியே.”

அப்போது போன் அடித்தது. அம்மா.

“வேலை முடியற நாள்னியே, கெடைச்சாளாடா?”

அம்மாவின் குரல் பக்கத்தில் இருந்தவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். எட்டி இவன் கையைப் பிடித்தான்.

“கெடைச்சுட்டான்னு சொல்லு.”

இவன் போனைப் பொத்திக்கொண்டான். “சொன்னா உங்களை...”

“கொலைகாரன்னுவாங்க. இப்ப மட்டும் என்னவாம்? சொல்லுடா, பெத்தவ காத்துக்கிட்டிருக்கா.”

“கெடைச்சுட்டாம்மா” என்றான் இவன்.

அம்மா அழவில்லை. “நான்தான் அப்பவே சொன்னேனே!” என்றாள். அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.