கடலைத்தோல் அடுப்பு

செஞ்சி அரசு மருத்துவமனைக்கு எதிரே ஜினிஷா நடத்தும் மெஸ்ஸில் பெரும்பாலும் நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள்தான் சாப்பிடுவார்கள்; நோயாளிகளுக்குக் கஞ்சியும் வாங்கிப் போவார்கள். எங்கோ வளைகுடாவில் சண்டை மூண்டு எரிவாயுக் கப்பல்கள் நின்றுபோயின. அந்த வாரம் அவளுக்கு ஒரு சிலிண்டர்கூட வரவில்லை.

எரிவாயு ஏஜென்சியில் டெலிவரி செய்யும் வீரமணியிடம் போய்க் கேட்டாள்.

"லாரில வந்ததே பாதிதான்க்கா. வீட்டுக்குத்தான் முதல்ல குடுக்கச் சொல்லிட்டாங்க. கடைக்கு எப்பன்னு எனக்கே தெரியல."

வெளியே ஒருவன் அவளை ஓரமாக அழைத்தான். "வீட்டு சிலிண்டர் ஒண்ணு இருக்குது. ரெண்டு மடங்கு ஆவும்."

"யார் வூட்டுது?"

"அது இன்னாத்துக்கு உங்களுக்கு?"

"யாரோ வூட்டு அடுப்ப அணைச்சிட்டு நான் சமைக்கல," என்று வண்டியைக் கிளப்பினாள்.

சமையல் செய்யும் மீனம்பாள், "எல்லா ஓட்டலும் மூடிட்டாங்க. நாமளும் பத்து நாள் மூடிடலாம்மா," என்றாள்.

"அவங்க மூடினதாலதான் நாம மூடக் கூடாது. ஆஸ்பத்திரில இருக்கறவங்க எங்க போவாங்க?"

அடுப்பெரிக்கக் கடலைத்தோல் கேட்டு, மதியத்துக்குள் அனந்தபுரத்தில் வேர்க்கடலை உடைக்கும் மில்லுக்குப் போனாள். அங்கே இரண்டு ஓட்டல்காரர்கள் ஏற்கெனவே நின்றிருந்தார்கள்.

"போன வாரம் வரைக்கும் மல்லாட்டத் தோல சும்மா வாரிட்டுப் போனாங்க. இப்ப ஆளாளுக்குக் கேக்கறாங்க," என்றார் மில் வைத்திருந்த நேமிகுமார்.

ஜினிஷா யோசித்தாள். "உங்க ஆளுங்க எங்கண்ணா சாப்பிடறாங்க?"

"சாப்பிட்ட கடையும் மூடிட்டான். பன்னும் டீயும்தான்."

"தினம் பன்னெண்டு சாப்பாடு அனுப்பறேன். எனக்கும் தினம் நாலு மூட்டை எடுத்து வைங்க."

அவர் சிரித்துவிட்டார். அன்றே முதல் மூட்டைகள் வண்டியில் ஏறின.

மீனம்பாள் அடிப்பக்கம் துளையிட்ட தகர டின்னின் நடுவே பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தோலை இடித்து அடைத்தாள். பாட்டிலை உருவிவிட்டு அடித்துளை வழியே தீ வைத்தாள். புகை கண்ணைப் பிடுங்கியது. மறுநாள் வைத்த முதல் உலைச் சோறு அடிபிடித்தது. இரண்டாவது வெந்தபோது மணி இரண்டு. தூக்குவாளிகளுடன் வரிசை தெருமுனை வரை நின்றது, ஒருவரும் போகவில்லை. தோசையையும் பூரியையும் கைவிட்டார்கள். சோறு, சாம்பார், ஒரு பொரியல், நோயாளிகளுக்குக் கஞ்சி மட்டும். மூன்றாம் நாள் மணி பன்னிரண்டுக்கே இலை விழுந்தது.

பத்தொன்பதாம் நாள் வீரமணி ஒரு சிலிண்டரை இறக்கினான்.

"அடுத்தது?"

"தெரியலக்கா."

நோயாளிகளுக்கான கஞ்சி அடுப்பில் மட்டும் அதை மாட்டினாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மீனம்பாளோடு உட்கார்ந்து தோலை இடிக்க ஆரம்பித்தாள்.