நாலு ஸ்பீக்கரும் நடு நாற்காலியும்

நான் படுத்த பஞ்சு மெத்தையைச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டின மனுஷனுக்கு வாக்கப்பட்டவ நான். பேரு பஞ்சாலை. ரந்தாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டுல பாலுக்கு மரம் வெட்டுறேன், பாட்டும் பாடுறேன். எங்க வீட்டுக்காரரு முருகையா கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஸ்பீக்கர் கட்டுறவரு. எண்பத்தாறுல அவருக்கு ஒரு கிறுக்குப் புடிச்சுது.

"பஞ்சாலை, பாட்டு முன்னாலேருந்து மட்டும் வந்தா போதாது. சுத்தியும் கேக்கணும். பாட்டுக்கு உள்ளயே உக்காந்த மாதிரி இருக்கணும்."

"எனக்கு மெத்தை மேல படுத்த மாதிரி இருந்தா போதும்"னேன். யாரு கேட்டா?

ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட பழைய கட்டடம் ஒண்ணு சும்மா கெடந்துச்சு. எஸ்டேட் கணக்கெழுதுற கிராணிகிட்டக் கெஞ்சி வாங்கி, உள்ள ரெண்டு ரூமாத் தடுத்தாரு. ஒண்ணு பாடுறதுக்கு. இன்னொண்ணு பாடினதை டேப்புல புடிச்சுப் போட்டுக் கேக்குற கண்ட்ரோல் ரூமாம். சத்தம் சுவத்துல முட்டித் திரும்பக் கூடாதுன்னு எங்க லயத்து வீட்டுல இருந்த மெத்தை, தலையாணி எல்லாம் சுவத்துல ஏறிச்சு. கண்ட்ரோல் ரூம்ல நாலு மூலைக்கு நாலு ஸ்பீக்கர். முன்பக்கம் இடது மூலையில, ஸ்பீக்கருக்குக் கீழயே, டேப் மெஷின். ரூமுக்கு நட்ட நடுவுல ஒரு நாற்காலி. அதுல உக்காந்தாத்தான் நாலும் ஒண்ணாச் சேர்ந்து கேக்குமாம், கொஞ்சம் தள்ளினாலும் போச்சாம்.

நடுவுல ஒரே ஒரு நாற்காலின்னா எங்க ஊருல அது யாருக்கு? கோயில் தலைவருக்குத்தான். தலைவரு நல்லசாமி முன்னாடி எங்களை வேலை வாங்கின மண்டோரா இருந்தவரு. ரூம் பாக்க வந்தாரு, நேராப் போயி உக்காந்தாரு. மறுநாளே கோயில்லேருந்து அவரோட சிவப்பு வெல்வெட் நாற்காலி லோரியில வந்து எறங்கிருச்சு. அதுக்கப்புறம் அவரு இல்லாதப்பக்கூட அதுல யாரும் உக்காரலை. ரூமைக் கட்டின மனுஷனே உக்காரலைன்னா பாத்துக்குங்களேன்.

தலைவருக்கு வலது காது கேக்காது. அது ஊருக்கே தெரியும், எல்லாரும் அவருக்கு இடது பக்கமா நின்னுதான் பேசுவோம். ஆனா அந்த ரூமுக்குள்ள போனா எங்க யாரு மண்டையிலயும் அது உறைக்கலை.

நான் பாடின பாட்டைத் தினமும் சாயங்காலம் போட்டுப் பாப்பாங்க. என் குரல் முன்னால இடது ஸ்பீக்கர்ல, புல்லாங்குழல் பின்னால இடதுல. வலது பக்கம் ரெண்டுலயும் மேளமும் உறுமியும். "முருகையா, வலது பக்கம் ஒண்ணுமே வரலையே"ம்பாரு தலைவரு. எங்க வீட்டுக்காரரு வலதைக் கூட்டுவாரு. "இன்னும் வரலைலா." ஸ்பீக்கர்தான் கோளாறுன்னு கழட்டி, சிரம்பானுக்குத் தூக்கிட்டுப் போயி மாத்தி, திரும்பக் கூட்டுவாரு. மெஷின்கிட்ட நிக்கிற இவருக்கு இடது ஸ்பீக்கர் காதுக்குள்ளயே கத்தும். அதனால இவருக்கு என் குரல் ஜோராக் கேட்டுச்சு. நான் வெளிய தேத்தண்ணி கலக்கிக்கிட்டு இருப்பேன்.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்துல பாடுவேன், ஜனம் அப்பளம் கேட்டுக் கத்தும். திருவிழாவுல பாடுவேன், எவனோ தொலைச்ச மோட்டார் சாவிக்கு என் மைக்கைப் புடுங்குவாங்க. ஒரு தடவையாவது என் பாட்டு முழுசா ரேடியோவுல வரணும். அதுக்குத்தான் மெத்தையையே விட்டுக் குடுத்தேன்.

சிரம்பான்லேருந்து சோலையப்பன்னு ரேடியோக்காரத் தம்பி ஒருத்தரு கேட்டுப் பாக்க வந்தாரு. புடிச்சா எடுத்துக்குவாரு, புடிக்கலைன்னா கும்பிடு போட்டுப் போயிருவாரு. எங்க வீட்டுக்காரரு டேப்பைப் போட்டாரு.

"உக்காருங்க தம்பி, நீங்கதானே விருந்தாளி"ன்னு தலைவரு எழுந்துட்டாரு.

"பெரியவங்க நிக்கறப்ப நான் எப்படிங்கய்யா? நீங்க உக்காருங்க."

"அட, உக்காருங்கலா!"

"முருகையா அண்ணன் உக்காரட்டும். கட்டினவரு அவருதானே."

"நானா? தலைவரு நாற்காலியிலயா?"

பல்லவி போச்சு. சரணமும் ஒண்ணு போச்சு. மூணு ஆம்பளைங்களும் வெறும் நாற்காலியைச் சுத்தி நின்னு ஒருத்தரை ஒருத்தர் கும்பிட்டுக்கிட்டு இருக்காங்க. இங்கயும் அப்பளக் கதைதானா? எனக்குக் கோவம் உச்சிக்கு ஏறிருச்சு. தேத்தண்ணித் தட்டைக் கீழ வெச்சுட்டு, போயித் தொப்புன்னு நாற்காலியில உக்காந்தேன்.

"பஞ்சாலை!"ன்னு அலறினாரு இவரு.

"பாடினவ நான். நான் கேக்கக் கூடாதா?"

கேட்டேன். வலது பக்கம் உறுமி காதைக் கிழிக்குது. மேளம் முதுகுல குத்துது. என் குரலு? ஆத்துக்கு அந்தப் பக்கம் யாரோ மாட்டைத் தேடிக் கூப்பிடுற மாதிரி எங்கயோ கேக்குது. தம்பி மூஞ்சியைப் பார்த்தேன். அவரு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு.

"தலைவரே, இது என்ன அநியாயம்!"னு கத்தினேன். அவரு திரும்பவே இல்லை. நான் அவருக்கு வலது பக்கம் இருந்தேன்.

அப்பத்தான் உறைச்சுது. "அட பாவி மனுஷா! கேக்காத காதுக்குப் போயி இத்தனை நாளும் கூட்டிக் கூட்டி வெச்சிருக்கீங்களே! வலதைக் குறைங்க!"

இவரு மூஞ்சி சுண்டிப் போச்சு. குமிழைத் திருகி, டேப்பைச் சுத்தி முதல்லேருந்து போட்டாரு. என் குரல் முன்னால வந்து நின்னுச்சு. மேளம் அடக்கமாக் கூடவே வந்துச்சு, புல்லாங்குழல் பின்னாலேருந்து கழுத்தைத் தடவுச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு. இது நானா? இவ்வளவு நல்லாவா பாடுறேன்? எந்தப் பாவியும் சொல்லலையே!

நான் எழுந்திரிக்கலை. சோலையப்பன் தம்பி பக்கத்துல குத்துக்காலிட்டு உக்காந்து, தலையை என் தலைகிட்ட நீட்டினாரு. தலைவரும் மறுபக்கம் வந்து குனிஞ்சாரு. ஒரு நாற்காலிக்கு மூணு தலை. பாட்டு முடியிற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கலை.

"அப்ப என்னைப் பின்னால பாத்து உக்கார வெச்சிருக்கணும், மேளம் நல்ல காதுப் பக்கம் வந்திருக்கும்"னாரு தலைவரு.

"எடுத்துக்கிறேன் அக்கா"ன்னாரு தம்பி.

இவருக்குத் தலைகால் புரியலை. "தம்பி, ரேடியோவுல போடுறப்ப அந்தப் புல்லாங்குழல் பின்னாலேருந்து வரணும், மறந்துராதீங்க."

தம்பி தலையைச் சொறிஞ்சாரு. "அண்ணே, வீட்டு ரேடியோவுக்கு ஒரே ஸ்பீக்கர்தானே. எல்லாம் ஒரே ஓட்டை வழியாத்தான் வரும்."

இவரு நாலு மூலையையும் ஒவ்வொண்ணாப் பார்த்தாரு. பாவம், அழுதுருவாருன்னே நெனச்சேன்.

"அந்த ஒண்ணுல என் குரல் கேக்குமா தம்பி?"

"நல்லாக் கேக்கும் அக்கா."

"அப்ப சரி. ஏங்க, மெத்தையை எறக்குங்க."