இம்மானுவேலின் நன்னடத்தைக் காலம்

கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் இம்மானுவேல் தன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஒரே ஒரு தடவைதான். சர்ச்சில் உறுதிமொழி சொன்ன அன்று. அதுவும் பாதிரியார் சொல்லச் சொல்ல, திருப்பிச் சொன்னது. அதற்கப்புறம் ஹெலனுக்கு வாய்த்த பெயர் "ஏய்". சாப்பாட்டுக்கு ஒரு ஏய், சட்டைக்கு ஒரு ஏய், ஒன்றும் வேண்டாத நேரத்தில் சும்மா ஒரு ஏய். கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் அவர் கூப்பிட்டால் பிளாட்பாரத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கை நீட்டுகிற ஆளில்லை, குடியும் கிடையாது. வாய் மட்டும்தான், ஆனால் நாலு பேருக்கான வாய்.

அந்த வாயை ஒரு நாற்காலி அடக்கும் என்று யார் கண்டார்கள்?

இம்மானுவேலுக்கு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை. பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டே வேலை பார்த்ததில் இரண்டு முழங்காலும் போய்விட்டன. அந்த கம்பெனியின் ஆபீஸ் வாசலில் துப்பாக்கியோடு ஒரு கன்மேன் உட்கார்ந்திருப்பார். பகல் ஷிப்ட் மட்டும். தலைக்கு மேலே ஃபேன், கீழே கைவைத்த நாற்காலி. அந்தக் கன்மேன் ரிட்டயர் ஆகப் போகிறார் என்றும், சொந்தமாகத் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கி வந்தால் அந்த நாற்காலி இம்மானுவேலுக்குத்தான் என்றும் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "ஏய், நான் உக்காரப் போறேன்" என்று அவர் கத்தியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு மோசஸ், யாரோ எலெக்‌ஷனில் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

இம்மானுவேலுக்குப் படிவம் என்றாலே அலர்ஜி. ஹெலன் பிளஸ் டூ வரை படித்தவள். அதனால் இருவருமாகத் திருவள்ளூருக்குப் போனார்கள். கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மனு டைப் அடிக்கிற ஆதிநாராயணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விவரம் சொன்னார்.

"ஆதாரு, போட்டோ, டாக்டர் சர்டிபிகேட்டு, துப்பாக்கிய எப்படிப் புடிக்கணும்னு பயிற்சி எடுத்த சர்டிபிகேட்டு, எதுக்காக வேணும்னு கம்பெனி லெட்டரு, ஊட்ல பூட்டி வைக்க இரும்புப் பெட்டி. இதெல்லாம் அலைஞ்சா கெடச்சிடும் சார். கடைசியில விசாரணைன்னு ஒண்ணு கீது பாருங்க, அங்கதான் முக்காவாசிப் பேரு படுத்துடுறாங்க."

"இன்னா விசாரணை?" என்றார் இம்மானுவேல். மூன்று கடை தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு திரும்பினார்கள்.

"இதான் சார். இந்தக் குரலுதான். ஸ்டேஷன்லேர்ந்து வந்து அக்கம்பக்கத்துல கேப்பாங்க. ஆளு கோவக்காரரா, சண்டை சச்சரவு உண்டா, பொண்டாட்டிய எப்படி வச்சிக்கினு கீறாருன்னு. கோவக்காரன் கையில எவன் துப்பாக்கி குடுப்பான்?"

நியாயமான பேச்சுதான். இம்மானுவேலே தலையாட்டினார். பஸ் ஏறினார்கள். பெரியபாளையம் தாண்டும்போது மெல்ல, ரொம்ப மெல்ல, "ஹெலன், ஜன்னலோரம் உக்காந்துக்கிறியா?" என்றார்.

ஹெலன் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அந்த பஸ்ஸில் வேறொரு ஹெலன் ஏறியிருக்கிறாளோ என்று நினைத்துவிட்டாள். அப்படி யாரும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, கவரைப்பேட்டை வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலையில் தெருக்குழாயடியில் எதிர்வீட்டு முத்தம்மாவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். வாய் தவறிச் சொன்னாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேண்டுமென்றேதான் சொன்னாள்.

"போலீஸ்காரங்க வந்து உங்களத்தான் கேப்பாங்களாம்க்கா. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா அவ்ளோதானாம்."

முத்தம்மா குடத்தைக் கீழே வைத்தாள். இருபது வருடமாக அவள் வீட்டுக் கோழி தாண்டி வந்ததற்கெல்லாம் இம்மானுவேலிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். "ஒரே வார்த்தையா?" என்று திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து தெரு முழுக்கத் திருவிழாதான். முத்தம்மா வீட்டு மொட்டை மாடித் தொட்டியைக் கழுவ ஆள் தேவைப்பட்டது. "இம்மானுவேலு, நாளைக்கு யாராச்சும் வந்து விசாரிச்சா நல்ல வார்த்தை நாலு சொல்லணுமில்ல" என்று அவள் இழுக்க, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏணி ஏறினார். கோழி வந்தால் தூக்கிக்கொண்டுபோய் அவள் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து வந்தார். மோசஸ் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவன். முன்பெல்லாம் ஜன்னலை மூடிக்கொண்டு, போர்வையை மேலே போட்டுக்கொண்டு பழகுவான். இப்போது ஜன்னலை அகலத் திறந்துவைத்துக் காலை ஐந்து மணிக்கே ஆரம்பித்தான்.

"எப்டிண்ணா கீது?"

"நல்லா கீதுப்பா" என்றார் இம்மானுவேல், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இன்னொருவாட்டி வாசிக்கட்டா?"

இம்மானுவேல் வானத்தைப் பார்த்தார். "வாசி."

வீட்டுக்குள்ளும் அதே கதை. போலீஸ் எந்த நேரத்தில் வரும் என்று தெரியாதே. தட்டை அவரே கழுவினார். டீ போடக் கற்றுக்கொண்டு, முதல் வாரம் உப்பும் இரண்டாம் வாரம் சர்க்கரையும் போட்டார். எல்லாவற்றையும் குசுகுசுவென்றுதான் கேட்டார். "ஹெலன், துண்டு எங்க?" "ஹெலன், தூங்கிட்டியா?" ஒரு நாளைக்கு எத்தனை ஹெலன் என்று அவள் எண்ணிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பதினேழு வந்தது. பெயரைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பத்து வயது குறைந்தமாதிரி இருந்தது. பேக்கிங் வேலைக்குப் போகிற இடத்தில் கூட வேலை செய்கிற பெண்கள், இன்னா விசேஷம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

டாக்டர் சர்டிபிகேட் வந்தது. கண் நன்று, செவித்திறன் நன்று, மனநிலை நன்று. பயிற்சி சர்டிபிகேட்டும் வந்தது. இரும்புப் பெட்டியைச் சுவரில் போல்ட் போட்டு முடுக்கினார். பேப்பர் ஒவ்வொன்றாகச் சேரச் சேர ஹெலன் நாளை எண்ண ஆரம்பித்தாள். இரண்டு மாதம் ஓடி, மனுவும் கொடுத்தாயிற்று. விசாரணை வந்து போய்விட்டால்? மறுநாளே ஏய் திரும்பி வந்துவிடும். வராமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளலாம் என்றால், ராத்திரி ஷிப்ட் முடிந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிற மனுஷன் கண்ணெதிரே நிற்கிறார். அந்த நாற்காலி அவருக்குக் கிடைக்கத்தான் வேண்டும். தன் பெயரும் தனக்கு வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்தாள். ஆனாலும் விண்ணப்பத்தோடு இருந்த விதிகள், நிபந்தனைகள் எல்லாவற்றையும் இம்மானுவேல் படிக்காத பக்கம்வரை படித்துத் தீர்த்தாள். ஒரு பக்கத்தின் ஓரத்தை மடித்தும் வைத்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார்.

"கோவமா? அப்டின்னா இன்னான்னே அந்தப் புள்ளைக்குத் தெரியாது சார்" என்றாள் முத்தம்மா. அவள் மடியில் கோழி உட்கார்ந்திருந்தது.

"எங்க அண்ணன் இசைப் பிரியரு சார்" என்றான் மோசஸ். "ஒரு கீதத்தை ஆறு தடவை கேப்பாரு."

சப்-இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை வருட சர்வீசில் இப்படி ஒரு நல்லவரை அவர் பார்த்ததில்லை. வீட்டுக்குள் வந்து இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அதில் இப்போதைக்கு ஹெலனின் கிறிஸ்துமஸ் புடவை இருந்தது. பிறகு இம்மானுவேலை வெளியே அனுப்பிவிட்டு ஹெலனிடம் கேட்டார்.

"உண்மையச் சொல்லும்மா. கோவம் வருமா?"

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இம்மானுவேல் குழாயடியில் முத்தம்மாவின் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர் காது இந்தப் பக்கம் இருந்தது.

பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. "வரும் சார். வாயோட சரி. இத்தினி வருசத்துல ஒருநாளும் கை நீட்டினதில்ல. ரெண்டு மாசமா வாயும் இல்ல."

"அப்டியே எழுதிக்கவா?"

"எழுதிக்கங்க சார். எனக்கு ஒரு சந்தேகம்." மடித்துவைத்த பக்கத்தை எடுத்து நீட்டினாள். "லைசென்ஸ் வந்தபொறவு விசாரணை கிடையாதா?"

"ஏன் கிடையாது? அஞ்சு வருசத்துக்கு ஒருவாட்டி புதுப்பிக்கணும். அப்பவும் வந்து இதே மாதிரி கேப்போம். நடுவுல ஊட்டுக்காரங்க புகார் குடுத்தா அப்பவும் வருவோம். லைசென்ஸையே நிறுத்தி வைக்கலாம்."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார். அவருக்குக் காது லேசா மந்தம்."

சப்-இன்ஸ்பெக்டர் கையிலிருந்த டாக்டர் சர்டிபிகேட்டைப் பார்த்தார். செவித்திறன் நன்று. ஹெலனைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். அவருக்கும் வீட்டில் ஒரு மனைவி இருந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னலோரம் போய், பந்தோபஸ்து டியூட்டியில் கத்துகிறமாதிரி முதலிலிருந்து திரும்பச் சொன்னார். அஞ்சு வருசம், புதுப்பிப்பு, ஊட்டுக்காரங்க, புகார். குழாயடியில் குடம் சாய்ந்தது.

"நல்லபடியா எழுதி அனுப்புறேம்மா. குடுக்கிறது கலெக்டரு கையில" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார்.

வண்டிச் சத்தம் ரயில்வே கேட்டைத் தாண்டும் வரை தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. மோசஸ் மெதுவாக ஜன்னலைச் சாத்தினான். ஹெலன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்து வரப்போகிற வார்த்தை என்னவென்று தெரிந்துவிட்டால் போதும். இம்மானுவேல் அவளைத் தாண்டி, நனைந்த வேட்டியோடு சமையலறைக்குள் போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"ஏய்" என்று வந்தது குரல். பழைய தொண்டை. இரண்டு மாதம் உள்ளேயே கிடந்ததெல்லாம் சேர்ந்து வந்ததுபோல முழுசாக வந்தது.

ஹெலன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏய் ஹெலன். டீத்தூள எங்க வச்சித் தொலச்ச? உனக்குச் சர்க்கரை ஒரு ஸ்பூனா ரெண்டா?"

அது பிளாட்பாரம் வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று நினைத்தாள் ஹெலன். அந்தக் குரல் இல்லாமல் இரண்டு மாதம் வீடு ஆஸ்பத்திரிமாதிரி இருந்தது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்துகொண்டு வந்தன.

எதிர்வீட்டு வாசலிலிருந்து முத்தம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் தொட்டி வேலை பாக்கி இருந்தது.

"இன்னாம்மா ஹெலனு, விசாரணை முடிஞ்சிடுச்சா?"

ஹெலன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கக்கா முடிஞ்சிச்சி? இன்னும் அஞ்சு வருசம் கீது."