இடது பக்கம் அரை இஞ்ச்

அவள் ஆடத் தொடங்கினால் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் வயிறும் சேர்ந்து ஆடும். ஒல்லியானவர்களுக்கு லேசாக, தொந்தி உள்ளவர்களுக்குத் தாராளமாக. நாற்பத்து மூன்று ஆண்டுகள் இது நடந்தது. மருத்துவர்கள் காரணம் எதுவும் சொல்லவில்லை, யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை.

முதல் முறை நடந்தது அவளுடைய அண்ணனின் தையல் கடையில். அவளுக்கு அப்போது பதினேழு வயது, சட்டைகளின் பொத்தான் ஓட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். வெளியூர்க் கலைக்குழுவின் பெல்லி டான்ஸ்காரி ஒருத்தி, மணி கோத்த பாவாடையில் கொக்கி அறுந்துவிட்டது என்று கடைக்கு வந்தாள். புதுக் கொக்கி தாங்குமா என்று பார்க்க அங்கேயே இடுப்பை ஒரு சுற்று சுற்றி, வயிற்றில் மேலிருந்து கீழாக ஓர் அலையை ஓடவிட்டு, திருப்தியாகப் போய்விட்டாள். அரை நிமிஷம் இருக்கும். காஜா ஊசியைக் கையில் பிடித்தபடியே தங்கை எழுந்து அதை அப்படியே செய்து பார்த்தாள். வந்தவள் ஆடியபோது சும்மா இருந்த வயிறுகள், பெஞ்சில் காத்திருந்த மூன்று பெரிய மனிதர்களின் வயிறுகள், இப்போது குதித்து ஆடின. பொத்தான்கள் தெறித்து மெஷினுக்கு அடியில் உருண்டன. முதுகைக் காட்டித் தைத்துக்கொண்டிருந்த அண்ணன் மட்டும் எதையும் பார்க்கவில்லை. விஷயம் தெரிந்ததும், "ஆடுறதுன்னா ஆடிக்கோ. ஆனா நான் பாக்க மாட்டேன். குடும்பத்துல ஒருத்தருக்காவது மானம் மிச்சம் இருக்கணும்ல," என்றார். அந்த மானத்தை அவர் பத்திரமாகக் காப்பாற்றினார். தெறித்த பொத்தான்களைத் தைத்துக் கொடுத்தவரும் அவர்தான், அவள் ஆட்டம் பார்த்து இளைத்தவர்களின் பேண்ட் இடுப்பைப் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். கடைக்கு இரண்டாவது மெஷின் வந்தது அப்படித்தான்.

அவள் ஒரு சலவைக் கடையின் மாடியை வாடகைக்கு எடுத்து நடனப் பள்ளி என்று போர்டு மாட்டினாள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் இது ஆபாசம் என்று தீர்மானம் எழுதினார். பார்க்காமல் கண்டிப்பது நியாயமில்லை என்பதால் பத்துப் பேரோடு வந்து பார்த்தார். ஒருமுறை பார்த்துக் கண்டித்தது போதாது என்று மேலும் மூன்று முறை வந்தார். அதற்குள் அவருக்கு இடுப்பில் இரண்டு இஞ்ச் குறைந்திருந்தது. தீர்மானத்தில் ஆபாசம் என்ற சொல்லை அடித்துவிட்டு உடற்பயிற்சி என்று திருத்தினார்கள். இது கலையா இல்லையா என்று முடிவு செய்யக் கலைத் துறை அதிகாரி ஒருவர் வந்தார். நான்கு பக்க அறிக்கை கொடுத்தார். நான்கு பக்கமும் அவருடைய மலச்சிக்கல் பற்றியது, நல்லபடியாகத் தீர்ந்ததாம். அவளுக்குச் சான்றிதழ் சுகாதாரத் துறையிலிருந்து வந்தது.

ஊருக்கெல்லாம் வயிறு குறைந்தது. அவளுக்கு வயிற்றெரிச்சல்தான் கூடியது. முப்பத்தொரு ஆட்டங்களை அவளே உருவாக்கியிருந்தாள். சொட்டுச் சொட்டாக வாளி நிறைவது ஓர் ஆட்டம், பஸ் வராத நிறுத்தத்தில் காத்திருப்பது ஓர் ஆட்டம், துணிக்குள் ஊசி போய் வருவது ஓர் ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் உடையைத் தானே வெட்டித் தைத்தாள். ஆனால் முதல் அலை ஓடியதுமே அரங்கம் மொத்தமும் தலையைக் குனிந்து அவரவர் வயிற்றை வேடிக்கை பார்க்கும். எந்த ஆட்டம் நன்றாக இருந்தது என்று கேட்டால், "ரெண்டாவதுதாங்க. எனக்கு அதுலதான் நல்லா குலுங்குச்சு," என்பார்கள். ஒரே ஓர் ஆள் தலை நிமிர்ந்து கடைசிவரை பார்த்தால் போதும் என்று அவள் ஏங்கினாள். அப்படி ஒருவரும் வாய்க்கவில்லை.

அறுபது வயதில் முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கியது. கடைசி ஆட்டம் என்று அறிவித்துவிட்டு அண்ணனின் கடைக்குப் போனாள்.

"அண்ணா, நாளைக்குச் சாயங்காலம். வந்து ஒரு தடவ பாரேன்."

"பாக்க மாட்டேன்னு சொன்னேன்ல."

"சொல்லி நாப்பத்து மூணு வருஷம் ஆச்சு."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அவளுக்கு அழுகை வந்தது. பொத்தான் டப்பாக்களை அடுக்குவதுபோல் கொஞ்ச நேரம் நின்று சமாளித்துக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் அவர் கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவள் ஊசி ஆட்டத்தை எடுத்தாள். எல்லோருக்கும்போல அவர் வயிறும் கிளம்பியது. அவர் டேப்பை எடுத்து வயிற்றை ஒரு சுற்று சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். அரங்கம் முழுக்கக் குனிந்திருந்தது. அவர் ஒருவர் மட்டும் நாற்பது நிமிஷமும் அவளைப் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்தார்.

"மூணாவது சுத்துல பாவாடை இடது பக்கம் அரை இஞ்ச் எறங்குது. அந்த எடத்துல மூச்ச நிறுத்துறியே, துணி நழுவுதுன்னா?"

"இல்லண்ணா. ஊசி துணிக்குள்ள போயிருச்சு, இன்னும் வெளிய வரல. அதான்."

"அதான பாத்தேன். எனக்கும் மூச்சு நின்னுருச்சு. சரி, பாவாடைய மாத்திட்டுக் குடு, பிடிச்சுத் தரேன்."

அவள் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. பார்க்க வந்தவர்கள் தத்தம் வயிற்றைத் தடவியபடி படியிறங்கிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி ஆட்டம் அடுத்த மாதமும் நடந்தது, அதற்கடுத்த மாதமும் நடந்தது. பாவாடை கச்சிதமாக இருந்தது. அண்ணன் முதல் வரிசையில்தான் உட்கார்ந்தார். டேப்பில் முடிச்சு அவிழ்கிறது என்று அதற்கு ஒரு கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டு வந்திருந்தார்.